ஆள் தேடும் உப்பளத் தம்பிக்கு



போன வாரம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றபோது உன் நோட்டீஸைப் பார்த்தேன். 'உப்பளத்துக்கு ஆட்கள் தேவை. நல்ல சம்பளம். அட்வான்ஸ் உண்டு.' கீழே உன் போன் நம்பர். இரண்டு பையன்கள் அதை நின்று படித்தார்கள். படித்துவிட்டுப் போனை எடுக்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் போய், "அங்கே எப்படி சித்தி?" என்றார்கள். உன் அப்பா காலத்திலிருந்து உங்கள் அளத்தில் உப்பு வாருகிறவர் அவர். வாயைத் திறக்கவில்லை, உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான். பையன்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

யார் அந்த அம்மா என்று தேடிப் போய்க் கேட்டுவிடாதே. உன்னிடம் இருக்கும் பதினோரு பேரில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் ஒரகடத்துக்கும் சேதராப்பட்டுக்கும் போய்விடுகிறார்கள், நம்மால் அந்தக் கம்பெனிகளோடு போட்டி போட முடியுமா என்று கேட்டாய். முடியாது. அவர்கள் பஸ் விடுகிறார்கள், கேன்டீன் வைத்திருக்கிறார்கள், பி.எஃப். பிடிக்கிறார்கள். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிற ஊர் நம்முடையது. அந்தப் பெருமைக்காக ஒரு பையனும் வெயிலில் நிற்கமாட்டான். ஆனால் சின்ன அளத்தில் வேலைக்கு வருகிறவன் யார் என்று பார். ஏற்கெனவே இருக்கிறவர்களின் தம்பி, மருமகள், அக்கா மகன். நமக்கு ஆள் சேர்க்கிற ஆபீஸ் அந்தப் பதினோரு பேரின் வீட்டுத் திண்ணைதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் எனக்கும் இதே ஆள் பஞ்சம். வெளியூரிலிருந்து ஆறு பேரை அழைத்து வந்து, பழைய ஆட்களைவிடத் தினக்கூலி ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தேன். பழைய ஆட்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரியாமல் இருக்குமா? மத்தியானச் சோற்றை ஒரே நிழலில் உட்கார்ந்து தின்கிறவர்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை நான் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த தையில் பாத்தி மிதிக்கக் கூப்பிட்டபோது நான்கு பேர்தான் வந்தார்கள். புது ஆறு பேரும் வரவில்லை, அது வேறு கதை.

பாத்தி மிதிப்பதை நீ வரப்பில் நின்று பார்த்திருப்பாய், இறங்கிப் பார்த்திருக்க மாட்டாய். மழை வடிந்த களி வழுக்கும். கையில் கோலை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்று, ஒரு அடி விடாமல், குதிகாலால் அமுக்கி அமுக்கிப் போக வேண்டும். காய விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். தரை சிமென்ட் போல இறுகினால்தான் உப்பு வெள்ளையாக எழும்பும். அந்த வருஷம் அவசரத்துக்குக் கிடைத்தவர்களை வைத்து மிதித்தேன். பலகை போட்டு வாரியபோது உப்போடு சேறும் வந்தது. வியாபாரி ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கருவாட்டுக்குத்தான் ஆகும்" என்றார். பழைய ஆட்களுக்கு அந்த ஐம்பது ரூபாயைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தவன் ஒரு பருவத்தையே தோற்றேன்.

இதையெல்லாம் வெறும் கூலி வேலை என்று உன் நோட்டீஸ் நினைக்கிறது. தண்ணீரின் உப்பு அடர்த்தி மீட்டரில் 25 டிகிரியைத் தொடும்போது மேலே ஆடை போல உப்பு பூக்கும். அதைக் கலைக்கிற நேரம் தப்பினால் மணி சிறுத்துவிடும். 29, 30 டிகிரிக்கு மேல் போன தண்ணீரை வடிக்காமல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டையிலேயே கசியும். நீ மீட்டரைக் கழுவி எடுத்து வருவதற்குள், விரலை நனைத்து நாக்கில் வைத்து, "வடிச்சுடலாம்" என்று சொல்கிற ஆள் உன்னிடம் இருக்கிறார். அவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே கூலி. வித்தை தெரிந்தவருக்கு விலை இல்லாத இடத்தில் எந்தப் பையன் வித்தை கற்க வருவான்?

எனவே முதலில் பழைய ஆட்களின் கூலியைச் சரி செய். புது ஆளுக்கு அட்வான்ஸாக வைத்திருக்கும் பணத்தில் பாதி இதற்குப் போதும். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது விஷயம் பேசக் கூச்சமானது, ஆனாலும் எழுதுகிறேன். உன் அளத்தில் ஏழு பெண்கள். ஒதுங்க ஒரு மறைப்பு இல்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மேலே வெயில், கீழே உப்பிலிருந்து திருப்பி அடிக்கிற வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் தாங்கக்கூடிய அளவுக்கு மேலான வெக்கையில் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களைப் பார்த்துவிட்டு 'கரிப்பு மணிகள்' எழுதி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நாம் மறைப்பு கட்டவில்லை. குத்தகை நிலமாச்சே, கட்டடம் எழுப்ப முடியுமா என்று இருபது வருஷம் சாக்குச் சொன்னவன் நான். தூக்கி வைக்கிற தகர அறைக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

மூன்றாவது, மழை மாதங்கள். அக்டோபரில் அளம் மூடினால் தை வரை அவர்களுக்கு வருமானம் இல்லை. அரசு 2022 முதல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. மூன்று மாதத்துக்கு அது எத்தனை நாள் அரிசி என்று உனக்கே தெரியும். அந்தப் பணமாவது எல்லோருக்கும் வந்ததா, நல வாரியப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஒருநாள் உட்கார்ந்து பார். படித்தவன் நீ; அரை நாள் வேலை. மழையில் கொடுக்கும் கைமாற்றை அடுத்த பருவத்துக்கு அவர்களைக் கட்டிப்போடும் கயிறாக மட்டும் ஆக்கிவிடாதே. கடனுக்காக வருகிறவர் கடன் தீர்ந்த அன்று போய்விடுவார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் வடிந்தபோது என் வரப்புகள் கரைந்து கிடந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு காலை போய்ப் பார்த்தால் மூன்று பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அன்று கூலி கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரின் மகன், ஐ.டி.ஐ. முடித்தவன், இப்போது என் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறான். நான் நோட்டீஸ் ஒட்டியதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று முதலாளிகள் தொழிலாளிகளுக்குச் சொல்வது வழக்கம். நம் ஊரில் உப்பு இடுகிறவர் யார் என்று நீயே சொல்.

பொங்கல் கழிந்து பாத்தி மிதிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தகர அறை செய்ய நம்பிக்கையான வெல்டர் ஒருவர் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அனுப்பவா? நோட்டீஸைக் கிழித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் பக்கத்து அளத்துப் பெரியப்பா