பிள்ளைக்கு மனசு சரியில்லையா? மந்திரிக்கும் முன் ஒரு நிமிஷம்!

"ஐயா, பையனுக்குப் பித்தம் தலைக்கு ஏறிடுச்சு போலிருக்கு. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறான். தனியா சிரிக்கிறான். நல்லதா ஒரு லேகியம் கொடுங்க!"

பல வருஷங்களுக்கு முன், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் இப்படிச் சொன்னார். பையனுக்கு வயது 19. நாடி பார்த்தேன். பித்தம் தணிய மருந்தும், தலைக்குத் தைலமும் கொடுத்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. ஆனால் 'காதில் யாரோ பேசுகிறார்கள்' என்று அவன் சொன்னது மட்டும் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் மனநல டாக்டரிடம் அனுப்பினேன். முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தாமதம் என் தவறுதான். இன்றும் உறுத்துகிறது.

ஏன் இளவயதில்?

மனநோய்களில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் வருகிறது. அதாவது பிளஸ் டூ, காலேஜ், வேலை தேடும் வயது! 'படிக்கப் பிடிக்காம நடிக்கிறான்' என்று வீட்டில் நினைத்துவிடுகிறோம்.

தூரம் ஒரு நோய்

மனநல டாக்டர்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். சித்தேரி மலையிலிருந்து தருமபுரிக்கு வர வேண்டுமானால் பெற்றவர்கள் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இதனால் முதலில் மந்திரிப்பவரிடம், அடுத்து என் போன்ற வைத்தியரிடம், கடைசியில்தான் மனநல டாக்டரிடம் போகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் உயிரிழந்தார்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்கிறது.

டாக்டரே கிராமத்துக்குப் போனால்? சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010-ல் அதைச் செய்து காட்டியது. ஒரு பஸ் ஊர் ஊராகப் போகும். சென்னையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

* தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு.
* 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம். முதலில் எடுத்த மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இத்திட்ட டாக்டர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் முறை வைத்து வருகிறார்கள். எந்தக் கிழமை என்று அங்கே கேட்டு வையுங்கள்.
* 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

எப்போது கவனிக்க வேண்டும்?

கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம்.

1. தூக்கமும் பசியும் கெடுவது.
2. நண்பர்களை ஒதுக்கி, அறையிலேயே அடைந்து கிடப்பது.
3. திடீரென்று படிப்பில் சரிவு.
4. காரணமில்லாத தலைவலி, வயிற்று எரிச்சல்.

காதில் குரல் கேட்பது, 'செத்தா தேவலை' என்ற பேச்சு, இந்த இரண்டுக்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 'சாகணும்னு தோணுதா கண்ணு?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனபாரம்தான் குறையும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுமா?' ஆகாது. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் இரண்டு குடும்பங்கள் கண்ணீர் விடும்.

'மாத்திரை பழக்கமாயிடுமா?' மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் தரும் முக்கிய மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். 'நல்லாயிட்டான்' என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

'வல்லாரை, பிரமி கொடுக்கலாமா?' தினசரி உணவில் வல்லாரைத் துவையல் நல்லதுதான். ஆனால் மனநோய்க்கு அதுவே மருந்து ஆகாது. சித்த மருந்து எதுவானாலும், இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்தே கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது பாலக்கோட்டில் கடை வைத்திருக்கிறான். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. போன மாதம் அவன் அம்மா ஒரு கூடை தக்காளியோடு வந்தார். "அன்னிக்கே அனுப்பியிருக்கலாமே ஐயா" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் நானே சொல்லிவிட்டேன்.