பொழுதுபோக்கு தொழிலாகும்போது: வீடியோ எடிட்டர் முன்னுள்ள மூன்று மார்க்கங்கள்

ஓய்வு வேளைகளில் வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோக்களை வெட்டியும் கோத்தும் பழகி, நண்பர்களின் பாராட்டையும் பெற்றுவிட்ட ஒருவர், இதையே ஜீவனோபாயமாகக் கொண்டாலென்ன என்று யோசிப்பது இயல்பே. கருவியைக் குறித்து இன்று கவலையில்லை. டாவின்சி ரிசால்வ் என்னும் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆரம்ப காலத்துக்குப் போதுமானது. ஆனால், இதுவரை தம் திருப்திக்காக வெட்டியவர் இனிப் பிறர் திருப்திக்காக வெட்ட வேண்டும். அந்தப் பிறர் யார் என்பதைக் கொண்டே மார்க்கத்தைத் தேர்ந்துகொள்வது உத்தமம்.

முதலாவது, கல்யாண வீடியோ. ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் இருப்பதால் வேலை கிடைப்பது சுலபம். பணமும் விரைவில் கைக்கு வரும். ஆயினும் தை, வைகாசி, ஆவணி ஆகிய முகூர்த்த மாதங்களில் குவிகிற வேலை, ஆடியிலும் மார்கழியிலும் ஓய்ந்துவிடுமாதலால், வரவைப் பகுத்து வைக்கும் விவேகம் அவசியம். இங்கே எஜமானர், கல்யாண வீட்டார். கெட்டிமேளம் முழங்கும் கணத்தில், தாலி முடியும் கரங்களை விட்டு மணப்பெண்ணின் தாயார் முகத்துக்குத் தாவுவது ரசனைக்கு உகந்த வெட்டாக இருக்கலாம். ஆனால், மூன்றாம் முடிச்சைக் காணோம் என்றோ, பெரியப்பா மேடையேறியது விடுபட்டது என்றோ அந்த வேலை திரும்பி வந்தால் அதில் வியப்பில்லை.

இரண்டாவது, யூடியூப் சேனல்களுக்கு வேலை செய்வது. வீட்டிலிருந்தபடியே, வேறொரு உத்தியோகத்தையும் விடாமல், செய்து பார்க்கலாம் என்பது இதன் பெரும் அனுகூலம். எந்த இடத்தில் பார்வையாளர் விலகிப் போயினர் என்பதை யூடியூப் ஒரு வரைகோட்டில் காட்டிவிடுவதால், தம் வெட்டு எங்கே சலிப்பூட்டியது என்பதை எடிட்டர் பிரத்தியட்சமாகவே காண முடிகிறது. கரெக்‌ஷன் என்ற பெயரில் வேலை முடிவின்றி நீள்வதே இதிலுள்ள சங்கடம். ஆகவே எத்தனை முறை திருத்தம், அட்வான்ஸ் எவ்வளவு, பின்னணி இசைக்கு உரிமம் பெறுவது யார் என்பனவற்றை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நலம்.

மூன்றாவது, சினிமா. புனேயில் 1960ஆம் ஆண்டு தோன்றிய திரைப்படக் கல்லூரியிலோ, சென்னைத் தரமணியிலுள்ள அரசு நிறுவனத்திலோ பயின்றும் வரலாம். ஓர் எடிட்டரிடம் உதவியாளராகவும் சேரலாம். எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் தம் தந்தை சஞ்சீவியிடமிருந்தே இத்தொழிலைக் கற்றார். கிளாப் தட்டும் சட்டத்தோடு ஒலியைப் பொருத்துவதும், டேக்குகளைக் காட்சி வரிசையில் அடுக்குவதுமாகவே ஆரம்ப காலம் கழியும். சம்பளம் சொற்பம், இரவுகளோ நீளம். எனினும், ஒரே வசனத்தின் பல டேக்குகளுள் தெளிவான உச்சரிப்பை விடுத்துத் தயங்கிய பார்வையை எடிட்டர் ஏன் தேர்ந்தார் என்பதை அருகிருந்து காணும் பாக்கியம் மற்ற இரண்டிலும் கிட்டுவதில்லை.

ஆக, குடும்பப் பொறுப்பு உடனடி வருமானத்தைக் கோருமாயின் முதலாவதும், உள்ள வேலையை விடாமல் பரீட்சித்துப் பார்க்க விரும்பினால் இரண்டாவதும், சில ஆண்டுகள் குறைந்த வரவில் காலம் தள்ள வகையிருந்து கதை சொல்லும் கலையே லட்சியமாயின் மூன்றாவதும் பொருந்தும். எதில் இறங்குமுன்னும், முன்பின் அறியாத ஒருவருக்காக, கெடு வைத்து, கூலி பேசி, ஒரு வேலையை முடித்துக் கொடுத்துப் பார்ப்பது நன்று. அவர் மூன்றாம் முறை திருத்தம் கேட்ட பின்பும் அதே காட்சியைப் புதுக் கண்ணோடு பார்க்க மனம் இசையுமாயின் தொழிலில் தாராளமாக இறங்கலாம். இசையாவிடில், பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை.