வண்டியைக் கவிழ்த்துப் பாரு

எட்டு வெள்ளி காருக்கும் அறுபது வெள்ளி காருக்கும் அப்படி என்னக்கா வித்தியாசம், ரெண்டும் உள்ளங்கையில அடங்குற சாமான்தானேன்னு கேட்ட இல்ல தம்பி? பதில் வண்டிக்கு அடியில இருக்கு. மேல மினுக்குற சாயத்தைப் பார்த்து மயங்குறதுக்கு முன்னால கவிழ்த்துப் பாரு, அப்புறம் சக்கரத்தைப் பாரு. நீ கூடுதலா கொடுக்கிற காசுல பாதி அங்கதான் தெரியும். அங்க தெரியாத மீதி, 'கிடைக்காத சரக்கு'ங்கிற பேருக்குக் கொடுக்கிற காசு. அந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா போதும், சம்பளம் தப்பிக்கும்.

பேரங்காடியில கம்பியில தொங்குற ஹாட் வீல்ஸ் இருக்கே, அதைச் சேகரிக்கிறவங்க 'மெயின்லைன்'னு சொல்வாங்க. கடைக்குக் கடை விலை மாறும், ஆனா பத்து வெள்ளியை ஒட்டித்தான் இருக்கும். உடம்பு ஸமாக். துத்தநாகத்துல நூத்துக்கு நாலு பங்கு போல அலுமினியம் கலந்து, உருக்கி அச்சுல ஊத்துற உலோகம் அது. அடித்தட்டு பெரும்பாலும் பிளாஸ்டிக், சக்கரம் முழுக்கப் பிளாஸ்டிக். நிறைய வண்டியில முன்விளக்குக்கோ பின்விளக்குக்கோ சாயமே இருக்காது. மறந்துட்டாங்கன்னு நினைக்காதே. ஒவ்வொரு இடத்துல அச்சுக் குத்துறதுக்கும் தனிச் செலவு, அந்த விலைக்குள்ள அடங்கணுமேன்னு விட்டுடுவாங்க.

அதே கம்பெனியோட கார் கல்ச்சர் வரிசையை எடுத்துப் பாரு. உடம்பும் உலோகம், அடித்தட்டும் உலோகம், டயர் ரப்பர், விளக்கு முன்னும் பின்னும் அழகா அச்சடிச்சிருக்கும். ஒரு தொகுப்புக்கு அஞ்சு வண்டி. விலை மூணு நாலு மடங்கு. சில மாடல் ரெண்டு வரிசையிலயும் வரும். அப்படி ஒண்ணு கிடைச்சா ரெண்டையும் வாங்கிப் பக்கத்துல வச்சுப் பாரு. காசு எங்க போகுதுன்னு அதைவிட நல்லா எந்தக் கடைக்காரரும் சொல்லித் தர மாட்டாரு.

இப்போ அடித்தட்டை வாசி. ஹாட் வீல்ஸ் நிறைய வண்டியில 'மலேசியா'ன்னு பொறிச்சிருக்கும். பினாங்கு பிறையில ஹாட் வீல்ஸ் செய்யுற மேட்டல் கம்பெனிக்குப் பெரிய ஆலை இருக்கு. அமெரிக்காவுல சேகரிக்கிறவன் பூதக்கண்ணாடி வச்சுத் தேடுற வண்டி நம்ம ஊர்ப் பொண்ணுங்க கையிலதான் பொட்டிக்குள்ள போகுது! பக்கத்துல ஒரு வருஷமும் இருக்கும். அங்கதான் ஆளை ஏமாத்துவாங்க. அது அந்த மாடலோட வடிவத்துக்கு உரிமை பதிஞ்ச வருஷம், இந்த வண்டி செஞ்ச வருஷம் இல்ல. 1998ன்னு போட்ட வண்டி போன வருஷம் ஆலையிலிருந்து வந்ததா இருக்கலாம். 'பழைய சரக்கு, அபூர்வம்'னு ஃபேஸ்புக்ல நாப்பது வெள்ளி கேட்டா சிரிச்சுட்டு வந்துடு. செஞ்ச காலம் தெரியணும்னா அடியில சின்னதா ஒரு ஆங்கில எழுத்தும் ரெண்டு எண்ணும் குத்தியிருக்கும், அதைத் தேடு. எழுத்து வருஷம், எண் வாரம். 2008க்கு 'ஏ'ன்னு ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு எழுத்தா நகருது. எண்ணோட குழம்பும்னு 'ஐ', 'ஓ' ரெண்டையும் விட்டுட்டாங்க.

மலிவுன்னாலே ஹாட் வீல்ஸ்தான்னு நினைக்கிறதும் தப்பு. மஜோரெட்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி, 1961ல தொடங்கினது, வண்டி வர்றது தாய்லாந்துல இருந்து. அதுல நிறைய மாடலுக்குக் கதவோ முன்மூடியோ திறக்கும், அழுத்தினா அடியில ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழும்பும். ஜப்பான்காரனோட டொமிகா 1970ல வந்தது, இப்போ வியட்நாம்ல செய்யுறாங்க, அதுவும் அப்படித்தான் அமுங்கும். என்னைக் கேட்டா, குறைஞ்ச காசுல கை வேலை பார்க்கணும்னா இந்த ரெண்டும்தான். ஹாட் வீல்ஸ் மெயின்லைன் பாதையில பறக்கச் செஞ்சது, ஓட்டத்துல அதை மிஞ்ச முடியாது. அலமாரியில நிக்கிற வண்டிக்கு ஓட்டம் எதுக்கு?

அறுபது வெள்ளிப் பக்கம் வந்தா மினி ஜிடி, டார்மாக் வொர்க்ஸ், இன்னோ. மினி ஜிடி 2018லதான் வந்துச்சு, வந்த வேகத்துல எல்லாரையும் மயக்கிடுச்சு. பக்கக் கண்ணாடி தனியா பொருத்தியிருக்கும், அளவு துல்லியமா இருக்கும், பல மாடல்ல வலப்பக்க ஸ்டியரிங் வச்சே விடுறாங்க. நம்ம ரோட்டுல பார்க்கிற மாதிரியே இருக்கும். ஆனா கதவு பெரும்பாலும் திறக்காது, கண்ணாடி தொட்டா உடையும். வீட்டுல அக்கா பிள்ளை தவழுதுன்னா இதைக் கீழ் அலமாரியில வைக்காதே. மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மெயின்லைனும் வேண்டாம்.

அளவைப் பத்தி ஒண்ணு. 1:64ன்னா நாலு மீட்டர் கார் ஆறே கால் சென்டிமீட்டர் வரணும். பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸு பத்தொன்பது சென்டிமீட்டர் கிட்ட வரணும். ஹாட் வீல்ஸ்ல பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்துல நிக்கும், ஏன்னா அட்டைக்குள்ள அடங்கணும். ஒரே அளவுல ஒரு தெரு மாதிரி அடுக்கணும்னு ஆசை இருந்தா அந்த பஸ்ஸையும் காரையும் கலக்காதே.

1:18 பக்கம் போகாதேன்னு சொல்ல மாட்டேன், அவசரப்படாதேன்னு சொல்றேன். ஆட்டோஆர்ட் மாதிரி வண்டி பல நூறு வெள்ளி, சிலது ஆயிரத்தைத் தாண்டும். நாட்டுல குறைந்தபட்சச் சம்பளமே 2025ல இருந்துதான் 1,700 வெள்ளி. தோட்டத்துல செம்பனைக் குலை அறுக்கிற அப்பா கிட்ட அந்த விலையைச் சொல்லிப் பாரு! சிலிப்பரை வட்டமா வெட்டி சார்டின் டின்னுல சக்கரம் மாட்டி லயத்து வாசல்ல ஓட்டின ஆளு அவரு. இன்னொண்ணு, இந்த அளவுல 'கனமா இருந்தாத்தான் உசத்தி'ங்கிற பேச்சு செல்லாது. ஆட்டோஆர்ட்டே உடம்புக்கு உலோகத்தை விட்டுட்டுக் கலவைப் பொருளுக்கு மாறிடுச்சு, கதவு இடுக்கு இன்னும் மெல்லிசா வருதுன்னு. ரெசின்ல வர்ற வண்டி பெரும்பாலும் எதுவுமே திறக்காது, வாங்குறதுக்கு முன்னால கேட்டுக்கோ.

இப்போ 'கிடைக்காத சரக்கு' விஷயத்துக்கு வர்றேன், காசு கரையுற இடம் இதுதான். 1995ல ஹாட் வீல்ஸ் 'ட்ரெஷர் ஹண்ட்'னு பன்னிரண்டு வண்டி விட்டாங்க, ஒவ்வொண்ணும் பத்தாயிரம்தான். 2007ல இருந்து 'சூப்பர்'னு இன்னொரு படி. ரப்பர் டயர், கண்ணாடி மாதிரி மின்னுற சாயம், வண்டியில எங்கயாவது 'டிஎச்' எழுத்து. மெயின்லைன் பொட்டியில 72 வண்டி வரும், அதுல சூப்பர் ஒண்ணு இருந்தாலே அதிர்ஷ்டம், பல பொட்டியில அதுவும் இருக்காது. பெரிய ஊர்ல பொட்டி பிரிக்கிறப்பவே ஆளுங்க நிப்பாங்க. நீ புக்கிட் புத்துஸ் வளைவெல்லாம் ஏறி இறங்கி சிரம்பான் 2 ஏயோனுக்குப் போய்ச் சேர்றப்போ நல்லது போயிருக்கும். என் கணக்குல கோலா பிலா, பஹாவ் மாதிரி சின்ன ஊர்க் கடைதான் நமக்கு லாபம். தேடுற கூட்டம் குறைவு. கடைக்காரர் கிட்ட மரியாதையா சரக்கு எந்தக் கிழமை வருதுன்னு கேட்டு வச்சுக்கோ. கம்பியில இருக்கிறதையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டு வராதே, அடுத்த வாட்டி முகம் கொடுக்க மாட்டாங்க.

சூப்பரை வேற ஆள் கையிலிருந்து வாங்குறதா இருந்தா மூணு இடம் பார்க்கணும். அட்டையில வண்டிக்குப் பின்னால வட்டத்துக்குள்ள தீச்சுடர் குறி: இப்போதைய சூப்பர்னா தங்க நிறம், சாதா ட்ரெஷர் ஹண்ட்னா வெள்ளி நிறம். அடுத்தது, அடித்தட்டுல உள்ள ரிவெட். அதைத் துளைச்சுப் பிரிச்சு, சாதா வண்டிக்கு ரப்பர் டயர் மாட்டி சூப்பர்னு விக்கிறவங்க உண்டு. ரிவெட் தலை கீறியிருந்தாலோ பசை தெரிஞ்சாலோ வேண்டாம்னு சொல்லிடு. கடைசியா, பிளாஸ்டிக் கூடு அட்டையோட ஒட்டின விளிம்பு. பிரிச்சு மறுபடி ஒட்டினது மேடு பள்ளமா இருக்கும், அட்டை நார் உரிஞ்சிருக்கும்.

வாங்கினதைக் காப்பாத்துறது தனி வேலை, அதுவும் நம்ம பக்கம். பக்கத்து ஜெலெபு தீபகற்பத்துலயே மழை குறைஞ்ச இடம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், ஆனா காத்துல ஈரம் எங்க குறையுது? துத்தநாகத்துல ஈயம் கலந்துட்டா உலோகம் உள்ளுக்குள்ளயே வெடிச்சுப் பொடியும், ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். போருக்கு முந்தின பழைய டிங்கி வண்டிகளை அழிச்ச நோய் இதுதான். வெளியில கொப்புளமோ மயிரிழை விரிசலோ தெரிஞ்சா மருந்து கிடையாது, அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய விலை கொடுக்காதே. இப்போ வர்றதுல இது அபூர்வம், இருந்தாலும் தகரக் கூரைக்கு அடியில பரண்ல போட்டு வைக்காதே. மூடி இறுக்கமான டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், மாசத்துக்கு ஒருவாட்டி மாத்து. ஜன்னல் வெயில் பட்டா பிளாஸ்டிக் கூடு மஞ்சளாகும், சிவப்புச் சாயம் வெளுக்கும்.

பிரீமியம் வாங்குறவங்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. ரப்பர் டயரைப் பிளாஸ்டிக் தட்டுல வருஷக் கணக்கா நிறுத்தி வச்சா, டயர்ல இருந்து கசியுற பொருள் தட்டை உருக்கிக் கறை பிடிக்கும், டயரும் ஒட்டிக்கும். நடுவுல பேக்கிங் காகிதத் துண்டு ஒண்ணு வை. இந்த ஒரு விஷயத்துல எட்டு வெள்ளி வண்டிக்குக் கவலையே இல்ல. தூசி தட்ட மேக்கப் பிரஷ் நல்லா உதவும். என்னோடதைத் தொடாதே, பசார் மாலாம்ல புதுசு வாங்கிக்கோ.

வாங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு விஷயத்தை முடிவு பண்ணு: கூட்டைப் பிரிப்பியா, மாட்டியா? பிரிக்கிற ஆளுன்னா மூலை மடங்கின அட்டை உனக்கு வரம், தள்ளுபடி கேளு, தைரியமா வாங்கு. பிரிக்க மாட்டேன்னா மினி ஜிடி டயரும் கண்ணாடியும் பொட்டிக்குள்ளயேதான் கிடக்கும், அப்போ மெயின்லைனே போதும் லா. ஷாப்பியில வாங்கினா அடித்தட்டோட படத்தைத் தனியா அனுப்பச் சொல்லு. அனுப்பத் தயங்குற கடையை விட்டுட்டு அடுத்ததுக்குப் போ.