எழுத்தறிவும் எல்லைப்புறத் தமிழரும்

உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு மொழியே கருவி. அரசாங்கம் எழுதும் மொழியை அறிந்தவன் நிமிர்ந்து நிற்கிறான். அறியாதவன் பிறர் தயவை நாடுகிறான். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதித் தமிழரின் நிலை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டிலே தமிழ், அலுவலகத்திலே மலையாளம்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு வழி கூறுகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், இச்சட்டம் தாளில் எழுதும் கடிதத்தை மனத்திற்கொண்டு பிறந்தது. கடிதத்தை எம்மொழியிலும் எழுதலாம். கணினி விண்ணப்பமோ தான் கேட்கும் மொழியில்தான் விடையை ஏற்கும்.

1991இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட கேரளம், 2025 ஆகஸ்டு 21 அன்று முழுமையான கணினிவழி எழுத்தறிவு பெற்ற மாநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய சாதனைதான். ஆயினும் நான் கேட்பது இது: எந்த மொழியில் எழுத்தறிவு?

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'பாலன்' என்னும் பெயரின் முதலெழுத்துக்குத் தமிழில் ஒரே பகரம். மலையாளத்தில் அவ்வரிசையில் நான்கு எழுத்துகள். கணினி நிலையத்தில் தட்டச்சு செய்பவர் தமக்குத் தோன்றியதை இடுவார். தமிழ் மட்டும் படித்த முதியவரால் அதைச் சரிபார்க்க இயலாது. பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து, ரேஷன் அட்டையில் வேறெழுத்து என்றால், ஒரே மனிதர் இருவராகிவிடுவார். திருத்துவதற்கு மீண்டும் அலைச்சல், மீண்டும் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இத்தொல்லை இல்லை. ஆகவே, ஏழைக்கும் ஏழையல்லாதவனுக்கும் இடையேயுள்ள பள்ளம் மேலும் ஆழமாகிறது.

எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டில் வாழும் மலையாளிகளுக்கும் இதே இடர் நேரலாம். எனவே இது தமிழர்-மலையாளிப் பூசலன்று. சிறுபான்மையினர் அனைவருக்கும் உரிய வழக்கு.

மாணவ நண்பர்களே, நாம் செய்யத்தக்கவை இரண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது, மலையாள எழுத்துகளையும் விண்ணப்பம் நிரப்பும் முறையையும் நம் பெரியோருக்குக் கற்பிப்போம். அதோடு, கடிதத்துக்குக் கிடைத்த தமிழுரிமை கணினி விண்ணப்பத்துக்கும் வேண்டுமென அரசைக் கேட்போம். முன்னது இன்றைய பசிக்குச் சோறு. பின்னது நாளைய விளைச்சலுக்கு வித்து.