தாகம் எடுக்கும் முன்னே

பேராக் ரப்பர் தோட்டங்களில் இருட்டோடு பெரட்டு முடிந்து, தலைவிளக்குடன் மரம் வெட்டப் போனதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் மரம் இலை வழியே நீரை இழக்கும். பட்டைக்குள் அழுத்தம் தளர்ந்து பால் வரத்து சுருங்கும். மனித உடம்பின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு உடம்பை விட்டுப் போகும். ஈப்போவின் புழுக்கத்தில் வேர்வை ஆவியாவது எங்கே? சட்டையை நனைத்துச் சொட்டுகிறது. நீரும் போச்சு, குளிர்ச்சியும் இல்லை. நீர் குறைந்தால் ரத்த அளவு குறையும். தோலுக்கு வரும் ரத்தமும் வேர்ப்பதும் குறைந்து, சூடு உள்ளேயே தங்கும். 60 கிலோ ஆளுக்கு 1.2 லிட்டர் போனாலே தடுமாற்றம்தான்.

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. தே ஓ நிறத்துக்கு வந்தால் உடனே தண்ணீர் தேவை. முதியவர்களுக்குத் தாக உணர்வு மந்தம், கேட்காமலே கொடுங்கள்.

கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர்களும் வெயிலில் புல் வெட்டுபவர்களும் ஒரேயடியாகக் குடிக்காமல் அவ்வப்போது மிடறு மிடறாகக் குடிக்கலாம். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 999. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.