நேர்கோட்டு இயக்கிக்கு ஏற்ற கட்டுப்படுத்தி: தொழிற்கூடத்தில் கற்ற பாடம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "இலக்கியக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன அண்ணா, நீங்கள் உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள்" என்றார். என் வேலை பினாங்கில், 1972-இல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில். மின்னணுச் சில்லுகளை எடுத்து, நகர்த்தி, சோதித்து, அடுக்கி வைக்கும் இயந்திரங்களை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். அங்கே வாரத்திற்கு ஒரு முறையாவது எழும் கேள்வியையே இங்குப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்: மின்சாரத்தால் இயங்கும் நேர்கோட்டு இயக்கிக்கு எந்தக் கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுப்பது?

தொழிற்கூடத்தில் நாங்கள் யாரும் 'இயக்கி', 'கட்டுப்படுத்தி' என்று பேசுவதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆக்சுவேட்டர், கன்ட்ரோலர் என்பவைதாம் எங்கள் வாயில் வரும் சொற்கள். ஆயினும் எழுதும்போது தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்திப் பார்த்தால், அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை நாமே இன்னொரு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு நன்மை உண்டு.

நேர்கோட்டு இயக்கி என்பது சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் கருவி. மோட்டார் ஒரு திருகுத்தண்டைச் சுழற்றுகிறது. தண்டின்மேல் உள்ள நட் சுழல முடியாதபடி பிடித்து வைக்கப்பட்டிருப்பதால் அது முன்னும் பின்னும் நகர்கிறது. மருத்துவமனைக் கட்டிலின் தலைப்பகுதி உயர்வதும், எங்கள் இயந்திரத்தில் தட்டு மேலே ஏறுவதும் இப்படித்தான். மோட்டாருக்கு எப்போது, எவ்வளவு மின்சாரம், எத்திசையில் தர வேண்டும் என்று முடிவு செய்வது கட்டுப்படுத்தி.

புதிதாக வரும் பொறியாளர்கள் கடைக்காரரின் பட்டியலைத் திறந்துகொண்டு கட்டுப்படுத்தியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொடங்க வேண்டிய இடம் சுமை. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 40 கிலோ எடையுள்ள ஒரு தலைப்பகுதியைச் செங்குத்தாக 300 மி.மீ. தூக்க வேண்டும். வேகம் நொடிக்கு 200 மி.மீ., முடுக்கம் 2 மீ./நொடி². புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் சேர்த்து 11.81-ஐ 40-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 472 நியூட்டன் விசை வருகிறது. திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துவது, அதன் செயல்திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், தேவையான திருப்புவிசை 0.42 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். இவ்வளவு செயல்திறன் பந்துத் திருகுக்கு உரியது. சாதாரண சரிவகத் திருகில் உராய்வு அதிகம். செயல்திறன் 30 விழுக்காடு என்று வைத்தால் அதே சுமைக்கு 1.25 நியூட்டன் மீட்டர் வேண்டும். திருகை மாற்றியதும் மோட்டார் மாறியது. மோட்டார் மாறினால் கட்டுப்படுத்தியும் மாறும்.

வேகத்தையும் பாருங்கள். நொடிக்கு 200 மி.மீ. என்றால் நொடிக்கு 40 சுற்று, அதாவது நிமிடத்திற்கு 2400 சுற்று. ஸ்டெப்பர் மோட்டார் எளிமையானது, மலிவானது. ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து நகரும். நம் திருகில் ஒரு படி 0.025 மி.மீ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகம் கூடக் கூட அதன் திருப்புவிசை சரிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, சாதாரண ஸ்டெப்பர் கட்டுப்படுத்தி கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவது. மோட்டார் சில படிகளைத் தவறவிட்டாலும் கட்டுப்படுத்திக்குத் தெரியாது. அது தன் கணக்கில் சரியான இடத்தில்தான் நிற்கும். குறைந்த வேகம், மாறாத சுமை, அடிக்கடி தொடக்க நிலைக்குத் திரும்பிச் சரிபார்க்கும் வாய்ப்பு இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேற்சொன்ன செங்குத்து அச்சுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே மின்னோட்டம், வேகம், இருப்பிடம் மூன்றையும் ஒன்றனுள் ஒன்றாக அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் சர்வோ கட்டுப்படுத்திதான் பொருந்தும்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஏறத்தாழ இதே அளவு கொண்ட ஒரு செங்குத்து அச்சை வடிவமைத்தேன். பந்துத் திருகு, சர்வோ மோட்டார், மோட்டாரிலேயே பிடிப்பு பிரேக். இரண்டு கட்டுப்படுத்திகளுக்கு இடையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்றில் பிரேக்கை நேரடியாக இயக்கும் வசதி இருந்தது. மற்றொன்றில் இல்லை, ஆனால் சில நூறு ரிங்கிட் குறைவு. பிரேக்கை பி.எல்.சி. வழியாக இயக்கிக்கொள்ளலாமே என்று மலிவானதை வாங்கினேன். செலவைக் குறைத்ததற்குக் கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது. சோதனை ஓட்டத்தின்போது தொழில்நுட்பர் ஒருவர் தலைப்பகுதியின் அடியில் கைவிட்டு ஓர் உணர்வியைச் சரிசெய்தார். கையை எடுத்துவிட்டு அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். தலைப்பகுதி மூன்று விரற்கடை அளவு தடாலென்று இறங்கி நின்றது. அவர் தம் கையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பொத்தானை அழுத்தியதும் கட்டுப்படுத்தி மோட்டாருக்குரிய ஆற்றலை அக்கணமே துண்டித்தது. பி.எல்.சி. அதை உணர்ந்து, ரிலே வழியாகப் பிரேக் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கின் காந்தப்புலம் தணிந்து, சுருள்வில் தகட்டை அழுத்திப் பிடிப்பதற்குள் நொடியில் ஒரு சிறு பகுதி கடந்துவிட்டது. பந்துத் திருகில் உராய்வு மிகக் குறைவு. சுமையே திருகைப் பின்னோக்கிச் சுழற்றிவிடும். அந்த இடைவெளியில் அச்சைப் பிடிக்க யாருமில்லை.

இன்று பல சர்வோ கட்டுப்படுத்திகளின் விளம்பரத்தில் எஸ்.டி.ஓ. என்ற பாதுகாப்பு வசதியைப் பார்க்கலாம். ஐ.இ.சி. 61800-5-2 தரம் வரையறுக்கும் வசதிகளுள் அது ஒன்று. மோட்டார் திருப்புவிசை உண்டாக்குவதை நம்பகமாகத் தடுப்பது அதன் வேலை. கிடைமட்ட அச்சுக்கு அது மிகவும் நல்லது. செங்குத்து அச்சில் அதை மட்டும் நம்பினால், பாதுகாப்பு என்ற பெயரிலேயே சுமையைக் கைவிட்டவர்களாவோம். அங்கே வேண்டியது அதே தரத்தில் உள்ள எஸ்.எஸ்.1 போன்ற முறை. முதலில் கட்டுப்பாட்டோடு வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். பிரேக் முழுமையாகப் பிடிக்கும்வரை மோட்டாரும் சுமையைத் தாங்க வேண்டும். அதன் பிறகே ஆற்றலைத் துண்டிக்க வேண்டும். பிரேக் வெளியீடும், அதற்குரிய தாமத நேரத்தை அமைக்கும் வசதியும் கட்டுப்படுத்தியிலேயே இருந்தால் இது எளிது. அவ்விரண்டும் இல்லாத கட்டுப்படுத்தியைச் செங்குத்து அச்சுக்கு நான் பிறகு வாங்கவே இல்லை. பராமரிப்பின்போது அடியில் கைவைக்கும் முன் இரும்பு முட்டுக்கட்டை வைப்பது எங்கள் தொழிற்கூட வழக்கமாகிவிட்டது. எந்தக் கட்டுப்படுத்தியும் அதற்கு ஈடாகாது.

கீழிறங்கும் சுமைக்கு இன்னொரு குணமும் உண்டு. 40 கிலோ 300 மி.மீ. இறங்கும்போது ஏறத்தாழ 118 ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. உராய்வு போக மீதி, மோட்டார் மின்னாக்கியாக மாறுவதால் கட்டுப்படுத்திக்கே திரும்பி வரும். மின்னழுத்தம் ஏறி, "மிகை மின்னழுத்தம்" என்று பிழை காட்டி இயந்திரம் நின்றுவிடும். மேலேறும்போது நன்றாக ஓடி, இறங்கும்போது மட்டும் நிற்கும் இயந்திரத்தை முதல்முறை பார்ப்பவருக்குத் தலைசுற்றும். திரும்பும் ஆற்றலை வெப்பமாக்கும் மின்தடையை இணைக்கக் கட்டுப்படுத்தியில் இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

தொடர்பு முறையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. துடிப்பும் திசையும், மோட்பஸ், கேன்ஓப்பன், ஈதர்கேட் என்று பல உண்டு. இயந்திரத்தில் ஏற்கெனவே உள்ள பி.எல்.சி. எதைப் பேசுகிறதோ அதைப் பேசும் கட்டுப்படுத்தியை வாங்குங்கள். பல அச்சுகள் ஒரே தாளத்தில் ஓட வேண்டுமானால் ஈதர்கேட் போன்றது தேவைப்படும். ஒரேயொரு தட்டை ஏற்றி இறக்க அது வேண்டியதில்லை.

சர்வோ எல்லாருக்கும் வேண்டியதும் அன்று. சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் திட்டப்பணிக்காக என்னிடம் ஆலோசனை கேட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக உயரம் மாற்றக்கூடிய சமையல் மேசை. இரண்டு கால்களிலும் 24 வோல்ட் நேர்மின் இயக்கிகள். "ரெண்டையும் ஒரே ஸ்விட்ச்சுல போட்டா போதுமா அண்ணா?" என்று கேட்டார். போதாது. ஒரே மாதிரியான இரண்டு இயக்கிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பானை வைத்த பக்கம் மெதுவாக ஏறும். சிறிது நேரத்தில் மேசை சாய்ந்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். இயக்கிகளின் உள்ளே இருக்கும் ஹால் உணர்விகளின் துடிப்புகளை எண்ணி, முந்துவதைத் தாமதப்படுத்தும் இருதட ஒத்திசைவுக் கட்டுப்படுத்தி வேண்டும் என்றேன்.

அடுத்து மின்னோட்டம். அவருடைய இயக்கி ஓடும்போது 4 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அதன் சுருளின் மின்தடை 1.5 ஓம். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் எதிர் மின்னழுத்தம் இருக்காது என்பதால் ஓம் விதிப்படி 16 ஆம்பியர் வரை பாயலாம். அடைபட்டு நின்றாலும் அப்படியே. ஆகவே 5 ஆம்பியர் கட்டுப்படுத்தி உதவாது. மெல்லத் தொடங்கும் வசதியும், மின்னோட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் நின்று சற்றே பின்வாங்கும் வசதியும் தேடச் சொன்னேன். மேசைக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் நடுவில் ஒருவரின் விரல் மாட்டினால் கட்டுப்படுத்தி அறியக்கூடியது அந்த மின்னோட்ட ஏற்றம் ஒன்றைத்தான். இயக்கியின் பணிவீதம் 10 விழுக்காடு என்று எழுதியிருந்ததையும் காட்டினேன்: 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு. செயல்விளக்க நாளில் நண்பர்கள் ஆளுக்கொரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தே மோட்டாரைச் சுட்டுவிடுவார்கள் என்று எச்சரித்தேன்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "கரண்டு போயிட்டா மேசை எறங்கிடுமா?"

மூன்றாம் ஆண்டில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது. உங்கள் இயக்கியில் இருப்பது சரிவகத் திருகு, அதன் உராய்வே மேசையைத் தாங்கும் என்றேன். இருந்தாலும் மேசையின்மேல் அரிசி மூட்டையை வைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஓரிரவு அப்படியே விட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை படம் அனுப்பியிருந்தார். காலின்மேல் பென்சிலால் போட்ட கோடு அதே இடத்தில் இருந்தது.