பிக்கப் வாகனத்தின் தொடக்கக் கோளாறும் ஓமின் விதியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலை அடுத்த கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் நம்மவர் வழங்குவர். பரந்த நெல்வட்டைகள் படுவான்கரையில் உள்ளன. போதனா வைத்தியசாலையும் பெருஞ்சந்தையும் நகரத்தில் உள்ளன. மண்முனைத் துறையிற் பாதை ஓடிய காலம் போய், 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்ட பின்னர், நெல்மூடையும் உரமும் பனிக்கட்டியிட்ட மீனும் வாவியைக் கடப்பது பெரும்பாலும் மோட்டார் வாகனங்களிலேயே. வட்டைக்குள் இறங்கி ஏறுதற்கு ஏற்றது பிக்கப்.

முற்றாகப் பழுதுபட்ட வாகனத்தைத் திருத்துதல் அரிதன்று. இன்று எழும்பி, நாளை எழும்பாது, மறுநாள் ஒன்றும் அறியாதது போல் எழும்பும் வாகனமே உடையவனை அலைக்கழிப்பது. கராச்சுக்குக் கொண்டு சென்றால் அங்கே முதல் முறையிலேயே எழும்பிவிடும். திருத்துபவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இத்தகைய கோளாற்றை எவ்வாறு கண்டறிவது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசி அறுவடைக் காலத்தில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள எம் மைத்துனரின் வட்டையில் யான் தங்கியிருந்தேன். பொழுதுபட்ட வேளையில், உப்பட்டி கட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் புடையன் பாம்பு தீண்டிற்று. அவரைத் தூக்கிப் பிக்கப்பில் ஏற்றிச் சாவியைத் திருப்பினோம். ‘டக் டக் டக்’ என்று ஓசை எழுந்ததேயன்றி எஞ்சின் சுழலவில்லை. தள்ளி எழுப்பலாம் என்றால், சேற்றிற் சில்லு வழுக்கிற்று. நால்வர் கூடி வண்டியைப் பக்கவாட்டில் அசைத்த பின்னர், ஆறாம் முறையோ ஏழாம் முறையோ, அஃது எழும்பிற்று. அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய மனைவியார் எம்மைப் பார்த்த பார்வை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

மறுநாளே புதிய மின்கலவடுக்கு, அஃதாவது பேச்சில் நாம் பற்றரி என்பது, வாங்கப்பட்டது. இரண்டு கிழமை ஒழுங்காக ஓடிற்று. பின்னர் மீண்டும் அதே ‘டக் டக்’. தொடக்கி மோட்டாரைக் கழற்றி வேறொன்று பூட்டினார்கள். அதுவும் ஒரு மாதம். அறுவடையில் மிஞ்சியதில் ஒரு பங்கு இவ்வாறு கரைந்தது. அயலிலிருந்த முதிய போடியார் ஒருவர், “மனே, இது ஆட்டினாத்தான் எழும்பும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தீர்ப்பிற்கு உண்மை இருந்தது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

எம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் ஓமின் விதியைக் கற்றோம். ஜோர்ஜ் ஓம் என்னும் ஜெர்மானியர் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்விதி, ஒரு கம்பியின் இரு முனைகளுக்கிடையே இழக்கப்படும் அழுத்தம், அதிலோடும் மின்னோட்டத்தையும் அதன் தடையையும் பெருக்கிவரும் தொகை என்று கூறும். பரீட்சைக்காக மனனஞ் செய்த இவ்விதியின் மறுபக்கத்தை அப்போது யான் எண்ணிப்பார்த்ததில்லை. ஓட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. அஃதாவது, வாகனம் சும்மா நிற்கும்போது உவோற்றுமானியை எங்கே வைத்துப் பார்த்தாலும் 12.6 உவோற்று என்றே காட்டும். அரித்துப்போன கம்பியும் நல்ல கம்பியும் அப்போது ஒன்றே. டீசல் எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் 200 அம்பியருக்கு மேலும் இழுக்கக் கூடியது. 200 அம்பியர் ஓடும் வழியில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருப்பினும் 2 உவோற்று வழியிலேயே தொலையும். பன்னிரண்டில் இரண்டு போனால் எஞ்சின் சோம்பும். ஐந்து, ஆறு போனாற் சுழலவே மாட்டாது. ஆகவே இக்கோளாற்றைச் சாவி திருப்பப்பட்டிருக்கும் அக்கணத்திலேயே அளத்தல் வேண்டும்.

அளக்கத் தொடங்குமுன் குறிப்பெழுதல் நன்று. யான் ஒரு பழைய கொப்பியில், வாகனம் எழும்பாத ஒவ்வொரு முறையும் நேரம், மழை வெயில், அதற்குமுன் ஓடிய வழி, கேட்ட ஓசை, முன்விளக்கின் நிலை ஆகியவற்றை எழுதிவைக்குமாறு மைத்துனரிடம் கூறினேன். ஒன்பது குறிப்புகள் சேர்ந்தன. மழைக்கும் கோளாற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆயின், ஒன்பதில் ஏழு, வட்டையின் குழிவழியில் ஓடி நின்ற பின்னர் நிகழ்ந்தவை. தார்வழியில் ஓடி நகரத்துக்குச் சென்றபோது ஒருமுறையும் நிகழவில்லை. கராச்சில் அது நல்லபிள்ளையாக நடந்துகொண்ட காரணம் இதுவே. அன்றியும், இரவில் நிகழ்ந்த மூன்று குறிப்புகளிலும் ‘விளக்கு மங்கவில்லை’ என்றிருந்தது.

இவ்விறுதிக் குறிப்பே முழுக்கதையையும் திறந்தது. ‘டக் டக்’ ஓசை எழுவது எவ்வாறெனில், சாவியைத் திருப்ப, தொடக்கி மோட்டாரின் மேலுள்ள வரிச்சுருள் (கராச்சில் இதனைச் சொலினொயிட் என்பர்) காந்தமாகித் தடித்த செப்புத் தொடுகைகளை மூடுகிறது, மூடியவுடன் பேரோட்டம் பாய முயல, அழுத்தம் சரிகிறது, காந்தம் வலுவிழந்து தொடுகை திறக்கிறது, திறந்தவுடன் அழுத்தம் மீள்கிறது, மறுபடியும் மூடுகிறது. மின்கலவடுக்கு வெறுமையாயின் இவ்வாறு நிகழும் என்பதை எல்லாரும் அறிவர். ஆதலாலேயே முதலிற் பற்றரியை மாற்றினோம். ஆனால் மின்கலவடுக்கு வெறுமையாயிருப்பின் முன்விளக்கும் அவ்வேளையில் மங்கியிருத்தல் வேண்டுமன்றோ? விளக்கு பிரகாசமாக எரிய, மோட்டார் மட்டும் தவிக்கிறதென்றால், மின்கலவடுக்கில் ஆற்றல் உண்டு, அது மோட்டாரைச் சென்றடையவில்லை என்பதே பொருள். பாம்பு தீண்டிய அவ்விரவிலும் விளக்கு வயலெங்கும் வெளிச்சம் பரப்பி நின்றது. யானும் பார்த்தேன், பார்த்தும் பொருளுணரவில்லை.

அளக்கும் முறை இது. கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடுப்பை இழுக்க. பழைய வகை டீசற் பம்பாயின், எண்ணெயை நிறுத்தும் வரிச்சுருளின் கம்பியைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பற்றாது சுழல மட்டும் செய்யும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மானியைப் பார்த்தல் வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகாது. முதலில் மின்கலவடுக்கின் இரு முனைகளுக்கிடையே பார்க்க: சுழலும்போது 9.6 உவோற்றுக்குக் கீழ் இறங்கினால், மின்கலவடுக்கை ஐயுறலாம். இறங்காவிடின், மானியின் ஒரு நுனியை மறைமுனையிலும் மறுநுனியை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைக்க. இங்கே 0.3 உவோற்றுக்கு மேற் காட்டினால் புவித்தொடுப்பிற் குற்றம் உண்டு. பின்னர் நேர்முனையிலிருந்து மோட்டாரின் தடித்த முனை வரை அவ்வாறே அளக்க. அங்கே அரை உவோற்று வரை பொறுக்கலாம். நுனிகளைக் கவ்வியின் மீதன்றி ஈய முனையின் மீதே வைத்தல் வேண்டும். இல்லையேல் கவ்வியின் அடியிலுள்ள குற்றம் கணக்கில் வராது தப்பிவிடும்.

எம் வாகனத்தை வேண்டுமென்றே குழிவழியில் ஓட்டிவந்து நிறுத்திச் சாவியைத் திருப்பினோம். மூன்றாம் நாளில் அகப்பட்டது. மின்கலவடுக்கு 11 உவோற்றுக்குக் கீழே இறங்கவில்லை. மறைமுனைக்கும் எஞ்சினுக்குமிடையே மானியின் முள் 6க்கும் 9க்கும் இடையே துடித்தது! புவித்தொடுப்பு வடத்தைக் கழற்றினோம். வெளியே கறுத்த உறை; பார்வைக்கு யாதொரு பழுதுமில்லை. நுனியை வளைத்தபோது உள்ளே நறநறவென்றது. உறையை அறுத்தால், செப்பிழைகள் பச்சைக் களிம்பாய் உதிர்ந்தன. நூற்றுக்கணக்கான இழைகளில் எண்ணிவிடத்தக்க சிலவே எஞ்சியிருந்தன. எஞ்சின் இறப்பர்த் தாங்கியில் அசையுந்தோறும் அறுந்த இழைகள் ஒருகாற் கூடியும் ஒருகால் விலகியும் நின்றன. போடியார் சொன்ன ‘ஆட்டம்’ இதுவே. புதிய வடம் இட்டபின் அவ்விடத்து இழப்பு 0.1 உவோற்றுக்கு இறங்கிற்று. மாற்றிய பொருள்கள் எல்லாவற்றிலும் விலை குறைந்தது இவ்வடம்.

நம் பகுதியில் இக்கேடு மிகுதி. கடற்காற்றும் வாவியின் உவர்நீரும் எங்கும் உப்பைப் படியச் செய்கின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75ஐக் கடந்தால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையும். நம் விடியற்காலைகளில் அவ்வளவு ஈரம் இருப்பது வழமை. அவ்வுப்புநீர் நுண்டுளை ஏற்றத்தால் இழைகளுக்கிடையே உறைக்குள் ஏறிவிடுகிறது. மின்கலவடுக்கின் அமில ஆவியும் துணைசெய்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் வெளிப்புறம் காய்ந்து, எல்லாம் செவ்வனே இருப்பது போலத் தோன்றும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாயின், வெளியே துலங்கக் கழுவினாலும் வடத்தின் உள்ளே நம்புதற்கில்லை.

வழியில் மானி இல்லாதவர், பற்றரி இரவல் கொடுக்கும் தடித்த கம்பியொன்றை மறைமுனையிலிருந்து எஞ்சின் இரும்புக்கு நேரே பூட்டிப் பார்க்கலாம். வாகனம் உடனே எழும்பினால், புவித்தொடுப்பே குற்றவாளி. வீடு சேரவும் அது போதும். ஒரேயொரு ‘டக்’ மட்டும் கேட்டு, அழுத்தமெல்லாம் சரியாக மோட்டாரை அடைகிறதெனின், வரிச்சுருளினுள்ளே செப்புத் தொடுகைகள் தேய்ந்திருக்கலாம். உள்வட்டு சிறிது சுழன்று நிற்குந்தோறும் தொடுமிடம் மாறுவதால் இதுவும் ஒருகால் இயங்கி ஒருகால் இயங்காது. சுத்தியலால் தட்ட எழும்புவது இவ்வகையே. ஓசையே இல்லையெனில் சாவி ஆளி, மெல்லிய கம்பி, கிளட்ச் ஆளி ஆகியவற்றைப் பார்க்க. நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையாயின் அது மின்னின் குற்றமாகாதிருத்தல் கூடும். எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுந்திருக்கிறதா என்பதை முதலில் நோக்குக.

ஓர் எச்சரிக்கை. மின்கலவடுக்கு மின்னேற்றப்படும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அதனருகே பீடியோ தீக்குச்சியோ ஆகாது. வடங்களைக் கழற்றுகையில் மறைமுனையை முதலிலும், பூட்டுகையில் அதனை இறுதியிலும் தொடுதல் வேண்டும்.

மைத்துனர் இப்போது பெரும்போகம் தொடங்குமுன் ஒருமுறையும், மாரி கழிந்தபின் ஒருமுறையும் அம்முனைகளைத் தேய்த்துத் துடைத்து மசகு பூசுகிறார். குற்றமற்றதென்று காலங்கடந்து தெரியவந்த அப்பழைய மின்கலவடுக்கு, வட்டையின் காவற்பரணில், யானைக் காவலுக்கு விளக்கெரித்துக்கொண்டிருக்கிறது.